கணக்கர் குமரப்பா

நத்தம் என்னும் சொல்லுக்கு ஊர் என்பது பொருள். வருவாய்த் துறை ஆவணங்களில் மக்கள் வீடு கட்டிக் குடியிருக்கும் நிலத்தை நத்தம் என்றே குறிப்பர். விளைநிலத்திற்குத் தீர்வை உண்டு; குடியிருப்பு நத்தத்திற்குத் தீர்வை இல்லை என்பது பழைய நடைமுறை. ஆக, நம் ஊரின் பெயருக்குள்ளேயே ஒரு வரிக் கணக்கு அடங்கியிருக்கிறது. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் மலரில் கவிஞர் ஒருவரைப் பற்றி எழுதுவதே முறை என நண்பர்கள் கருதலாம். எனினும் நாட்டின் வரவு செலவை ஏழையின் வாயிலில் நின்று பார்த்த ஒரு கணக்கரின் வாழ்வை இங்கு எழுத விழைகின்றேன்.

புலவர் வரியைப் பற்றிப் பேசுதல் நம் மரபுக்குப் புதிதன்று. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரையை நாம் அறிவோம். நெல்லை அறுத்துக் கவளமாக ஊட்டினால் சிறு நிலத்து விளைச்சலும் யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலில் இறங்கினால் அது தின்பதைவிட மிதித்து அழிப்பது மிகுதி. வரி கொள்ளும் முறையை இவ்வாறு புறநானூறு பாடிற்று. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் அதே உண்மையைப் புள்ளிவிவரங்களால் நிறுவிய தமிழர் ஜே.சி. குமரப்பா.

பிறப்பும் கல்வியும்

குமரப்பா 1892ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்துவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தையார் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். ஒழுங்கும் காலம் தவறாமையும் அவ்வீட்டின் சட்டங்கள். முதல் உலகப் போருக்கு முன் இலண்டன் சென்று கணக்காய்வுக் கல்வி பயின்ற செல்லத்துரை, 1919இல் நாடு திரும்பிப் பம்பாயில் கணக்காய்வு நிறுவனம் நடத்தினார். மேனாட்டு உடை, மேனாட்டு உணவு, மேனாட்டுப் பழக்கங்கள் என்றே அவர்தம் வாழ்வு அமைந்திருந்தது. ஆங்கில ஆட்சி நாட்டுக்கு நன்மை தருவது என்ற எண்ணத்திலும் அவருக்கு அன்று பெரிய ஐயம் எழவில்லை.

1927இல் அவர் அமெரிக்கா சென்றார். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டம் பெற்றபின், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் பயின்றார். வரியியலில் உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் செலிக்மன் அவருக்கு ஆசான். இந்தியாவின் பொது நிதிக்கும் அதன் வறுமைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் பணி அங்கே அமைந்தது. அரசின் ஏடுகளையே சான்றாகக் கொண்டு அவர் கணக்குப் பார்த்தார். உழவனிடம் திரட்டிய வரியில் பெரும்பகுதி படைக்கும், கடன் வட்டிக்கும், உயர் அலுவலர் ஊதியத்திற்கும் போயிற்று. கல்விக்கும் உழவுக்கும் நலவாழ்வுக்கும் எஞ்சியது சிறிதே. வரி வாங்கிய இடத்திற்கே பயனாகத் திரும்பாவிடில் அது ஊரை வற்றச் செய்யும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். பிறர் சொல்லி வந்த தேசப்பற்று அன்று அது. கணக்கு ஏடு அவருக்குக் கற்பித்த தேசப்பற்று. குடும்ப முன்னோர் பெயரான குமரப்பாவை அவர் ஏற்றுக்கொண்டதும் இக்கால எல்லையில்தான்.

சபர்மதியும் மாத்தர் வட்டமும்

ஆய்வேட்டை வெளியிடும் நோக்குடன் 1929 மே 9ஆம் நாள் அவர் சபர்மதி ஆசிரமத்திற்குச் சென்றார். குறித்த நேரத்திற்கு முன்பே வந்துவிட்டவர், சாணமிட்டு மெழுகிய தரையில் மரத்தடியில் அமர்ந்து நூல் நூற்ற முதியவர் ஒருவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்முதியவரே காந்தியடிகள் எனத் தெரிந்ததும் உயர்ந்த உடையுடனேயே தரையில் அமர்ந்தார். ஆய்வேடு யங் இந்தியா இதழில் தொடராக வெளிவந்தது. அதனுடன் காந்தியடிகள் வேறொரு பணியையும் தந்தார். குசராத்தின் கேடா மாவட்டத்தில் மாத்தர் வட்டத்து மக்களின் பொருளாதார நிலையை வீடு வீடாக ஆராய வேண்டும் என்பதே அது.

குமரப்பாவுக்குக் குசராத்தி தெரியாது. குசராத் வித்யாபீட மாணவர்களைத் துணையாகக் கொண்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட சிற்றூர்களில் அவர் ஆய்வு நடத்தினார். ஒரு குடும்பத்தின் நிலம், மாடு, விதை, கூலி, கடன், வட்டி, தீர்வை ஆகிய அனைத்தும் குறிக்கப்பெற்றன. சாகுபடிச் செலவு போக மிச்சமில்லாத குடும்பங்களிடமும் அரசு தீர்வை வாங்கிற்று என்பதை அவ்வேடு காட்டியது. நிலத்திலிருந்து வரவில்லையெனில் தீர்வைப் பணம் எங்கிருந்து வந்தது? வட்டிக் கடையிலிருந்தும், விற்ற மாட்டிலிருந்தும், உண்ணாமல் விட்ட வேளையிலிருந்தும் வந்தது. இன்று வளரும் நாடுகளின் வறுமையை அளக்க நடத்தப்பெறும் குடும்ப ஆய்வுகளுக்கு இந்திய மண்ணில் அமைந்த முன்னோடிகளுள் ஒன்றாக அதனைக் கொள்ளலாம்.

கடன் யாருடையது?

உப்பு அறப்போரின்போது யங் இந்தியா இதழை நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. சிறையும் உடன் வந்தது. 1931இல் கராச்சி காங்கிரசுக்குப் பின், இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையிலான நிதிப் பொறுப்புகளை ஆராயும் குழுவின் அமைப்பாளராக அவர் பணியாற்றினார். கிழக்கிந்தியக் கும்பினி நடத்திய போர்கள், ஆப்கானிய, பர்மியப் படையெடுப்புகள், 1857 எழுச்சியை அடக்கிய செலவு ஆகியவை இந்தியாவின் கடனாக எழுதப்பட்டிருந்தன. ஒருவனை அடக்கிய செலவை அவன் பெயரிலேயே பற்று எழுதுவது எந்தக் கணக்கியலுக்கு ஏற்றது என்பதே அக்குழு அறிக்கையின் உள்ளுறை. 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்ப இயலாது என அறிவித்தபோதும், யார் வாங்கிய கடன், யார் நலத்திற்குச் செலவான கடன், யார் அடைக்கும் கடன் என்னும் வினாக்களே எழுந்தன. குமரப்பா அவற்றைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே வரிசைப்படுத்திக் கேட்டவர்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இவ்வினா மேலும் கூர்மை பெற்றது. இந்தியாவின் தானியமும் துணியும் போருக்காக வாங்கப்பட்டன. அதற்கு ஈடாக இலண்டனில் பிரித்தானியக் கடன் பத்திரங்கள் குவிந்தன. அவற்றைக் காட்டி இங்கே ரூபாய்த் தாள்கள் அச்சாயின. பண்டம் வெளியே போயிற்று; தாள் உள்ளே பெருகிற்று; விலை ஏறிற்று. 1943இல் வங்கத்தில் பல இலட்சம் மக்கள் பசியால் மாண்டனர். போர் முடிவில் இந்தியாவுக்கு இங்கிலாந்து தரவேண்டிய தொகை ஏறத்தாழ 130 கோடி பவுன் என நின்றது. ஆளும் நாடு, ஆளப்படும் ஏழை நாட்டிடம் கடன்பட்டு நின்ற விந்தை அது. பணவீக்கம் என்பது சட்டமன்றம் காணாமலே ஏழையிடம் பிடுங்கும் வரி என்பதைக் குமரப்பா எளிய நடையில் எழுதி விளக்கினார்.

மகன்வாடியும் நிலைத்த பொருளாதாரமும்

1934இல் பீகார் நிலநடுக்க நிவாரணத்தில் இராசேந்திர பிரசாத்துக்கு நிதித் துறையில் துணைநின்றார் குமரப்பா. அங்கு வந்த காந்தியடிகளின் பரிவாரச் செலவைக்கூட நிவாரண நிதியில் எழுத அவர் இசையவில்லை என அவரைப் பற்றிய நூல்கள் கூறும். அவ்வாண்டின் இறுதியில் வார்தாவில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தோன்றியபோது, அதனைக் கட்டி எழுப்பும் பொறுப்பு இக்கணக்கரிடமே வந்தது. மகன்வாடியில் செக்கு, கைக்குத்தல் அரிசி, காகிதம், தேனீ வளர்ப்பு, தாவர எண்ணெய் விளக்கு எனத் தொழில்தோறும் ஆய்வு நடந்தது.

1942க்குப் பின் சிறையில் இருந்தபோது எழுதிய நூலே நிலைத்த பொருளாதாரம் என நாம் குறிப்பிடும் எக்கானமி ஆஃப் பெர்மனன்ஸ். நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவை எடுக்க எடுக்கக் குறைபவை. மரமும் பயிரும் ஆண்டுதோறும் மீள வளர்பவை. முதல்வகையை நம்பும் வாழ்வு போட்டியிலும் போரிலும் முடியும் என்பது அவர் முடிவு. அரிசியாலையில் தவிடு கழிந்தால் உடல் இழப்பது என்ன, குத்தும் பெண் இழக்கும் கூலி என்ன என்றும் கணக்கிட்டார். சந்தை விலையில் ஏறாத இழப்புகளையும் ஏட்டில் ஏற்றவேண்டும் என்றார். 1973இல் சிறியதே அழகு என்னும் பொருள்பட நூல் எழுதிய சூமாக்கர், அதில் குமரப்பாவை எடுத்துக்காட்டியிருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

1938இல் நேரு தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் இடம்பெற்ற குமரப்பா, பேராலைகளை முதன்மையாகக் கொண்ட போக்கு ஒவ்வாமையால் விரைவில் விலகினார். விடுதலைக்குப் பின் காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். உழுபவனுக்கே நிலம் என்றும், நில உடைமைக்கு வரம்பு வேண்டும் என்றும் 1949இல் அக்குழு அறிக்கை தந்தது. நம் மாநிலத்தில் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது 1961இல். அதனைக் காண அவர் இல்லை.

கல்லுப்பட்டி

இறுதி ஆண்டுகளில் அவர் மதுரை மாவட்டத்துத் தே. கல்லுப்பட்டியில், கோ. வேங்கடாசலபதி நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமத்திற்கு வந்து சேர்ந்தார். மணமாகாதவர், குருதி அழுத்த நோயால் நலிந்தவர், சினம் மிக்கவர் என்றும் பெயர் பெற்றவர். தம் குடிலில் ஏழை உழவன் ஒருவனின் படத்தை வைத்திருந்து, காந்தி தமக்குத் தலைவர், இவ்வுழவனே அத்தலைவருக்குத் தலைவன் என வருவோர்க்கு விளக்கினார் என்பர். 1960ஆம் ஆண்டு, காந்தியடிகள் மறைந்த அதே சனவரி 30ஆம் நாளில் அவரும் மறைந்தார்.

நிறைவாக

குமரப்பாவின் முடிவுகள் அனைத்தையும் இன்று ஏற்றல் இயலாது. பெருகிய மக்கள் தொகைக்கு உணவளிக்க உரமும் பம்புசெட்டும் வேண்டியிருந்தன என்பாரின் வாதத்தை எளிதில் தள்ளவியலாது. கைக்குத்தல் உரலிலிருந்து விடுபட்ட பெண் பள்ளிக்குச் சென்றாள் என்பதும் உண்மையே. இக்கட்டுரையை எழுதும் நானும் அவ்வழி வந்தவள். ஆயினும் அவர் தந்த விடைகள் பழமைப்பட்டாலும் அவர் கற்பித்த கணக்கு முறை பழமைப்படவில்லை.

இதற்குச் சான்று தேட நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1924இல், எந்திரம் அனைத்தையும் எதிர்க்கிறீர்களா எனக் காந்தியடிகளிடம் வினவிய இளைஞர் ஒருவர்க்கு, தையல் எந்திரத்துக்கு அவர் விலக்கு அளித்தார். அவ்விளைஞரே பின்னாளில் சௌந்தரம் அம்மையாருடன் நம் மாவட்டத்தில் காந்திகிராமத்தை நிறுவிய கோ. இராமச்சந்திரன். காந்தி விலக்களித்த அந்த எந்திரத்தை மிதித்தே நம் நத்தம் பிழைக்கிறது. வெளியூர்த் துணி இங்கு வருகிறது. சட்டையாகி வெளியூர்க் கடைக்குப் போகிறது. அச்சட்டையின் விலையில் தைத்த பெண்ணின் கையில் நிற்பது எவ்வளவு? அவள் முதுகுவலிக்கு எந்த ஏட்டில் பற்று எழுதினர்? அவள் கட்டும் மறைமுக வரியில் எவ்வளவு அவள் தெருவுக்குத் திரும்புகிறது? மாத்தர் வட்டத்தில் குமரப்பா கேட்ட வினாக்கள் இவையே.

நம் வட்டத்தின் கவிஞர்கள் இவ்வூரின் மாங்கனியையும் மாசித் திருவிழாவையும் கழுமரத்தையும் பாடியுள்ளனர். வருகின்ற ஆண்டின் மாதக் கூட்டமொன்றில் குமரப்பாவின் நூல் ஒன்றைப் படித்து உரையாடுவோமாயின், தைக்கும் கைகளின் கணக்கும் நம் பாட்டில் ஏறும். பிசிராந்தையார் தொடங்கி வைத்த பணி அது.