எம். ஜி. இராமச்சந்திரனின் தொகுதிகள்

எம். ஜி. ஆர் என்று பரவலாக அறியப்படும் மருதூர் கோபாலன் இராமச்சந்திரன் (சனவரி 17, 1917 - டிசம்பர் 24, 1987) தமிழ்த் திரைப்பட நடிகரும், 1977 முதல் இறக்கும்வரை, 1980-இல் சில மாதங்கள் நீங்கலாக, தமிழக முதலமைச்சராக இருந்தவரும் ஆவார். இவர் மக்களவைக்குப் போட்டியிட்டதில்லை. எனினும் இவரது கட்சியின் முதல் வெற்றி ஒரு மக்களவைத் தொகுதியில் கிடைத்தது. இவர் இறுதியாக வென்ற ஆண்டிப்பட்டி சட்டமன்றத் தொகுதி, அன்றைய பெரியகுளம் மக்களவைத் தொகுதிக்குள் அமைந்திருந்தது.

இளமையும் அரசியல் நுழைவும்

இலங்கையில் கண்டிக்கு அருகிலுள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார். தந்தையை இழந்த பின் தாய் சத்தியபாமாவுடன் கும்பகோணத்தில் வளர்ந்தார். வறுமையால் சிறுவயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்தார். 1936-இல் வெளிவந்த சதிலீலாவதி இவரது முதல் திரைப்படமாகும். தொடக்கத்தில் காங்கிரசு ஆதரவாளராக இருந்த இவர், 1953-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தில் சேர்ந்தார். 1962-இல் சட்ட மேலவை உறுப்பினரானார்.

பரங்கிமலை

1967 தேர்தலில் பரங்கிமலைத் தொகுதியின் திமுக வேட்பாளராக நிறுத்தப்பட்டார். சனவரி 12, 1967 அன்று நடிகர் எம். ஆர். இராதாவால் சுடப்பட்டு, கழுத்தில் காயமடைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கழுத்தில் கட்டுடன் இவர் காணப்படும் சுவரொட்டிகள் மாநிலமெங்கும் ஒட்டப்பட்டன. சிகிச்சையில் இருந்தபடியே வெற்றி பெற்றார். இக்காயத்தால் இவரது குரல் நிலையாக மாறியது. 1971-இலும் அதே தொகுதியில் வென்றார்.

திண்டுக்கல் இடைத்தேர்தல்

அக்டோபர் 1972-இல் திமுகவிலிருந்து நீக்கப்பட்டு, அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். மே 1973-இல் நடந்த திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலே புதிய கட்சியின் முதல் சோதனையாக அமைந்தது. இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற மாயத்தேவர் வெற்றி பெற்றார். ஆளுங்கட்சியான திமுக மூன்றாமிடத்திற்குத் தள்ளப்பட்டது. மதுரை வட்டாரத்தில் கட்சி வேரூன்ற இவ்வெற்றி வழிவகுத்தது.

அருப்புக்கோட்டையும் மதுரை மேற்கும்

1977 தேர்தலுக்கு முன் நடந்த மறுசீரமைப்பில் பரங்கிமலை என்ற பெயரிலான தொகுதி இல்லாமற் போயிற்று. தென்மாவட்டத்திற்கு இடம்பெயர்ந்த எம். ஜி. ஆர், அருப்புக்கோட்டையில் வென்று, சூன் 30, 1977 அன்று முதலமைச்சரானார். சனவரி 1980 மக்களவைத் தேர்தலில் அதிமுக இரண்டு இடங்களில் மட்டுமே வென்றது. பெரியகுளம் தொகுதியையும் திமுகவின் கம்பம் நடராசனிடம் இழந்தது. அடுத்த மாதமே மாநில அரசு கலைக்கப்பட்டது. அவ்வாண்டே நடந்த சட்டமன்றத் தேர்தலில் மதுரை மேற்கில் வென்று மீண்டும் ஆட்சியமைத்தார்.

ஆண்டிப்பட்டி

அக்டோபர் 1984-இல் உடல்நலம் குன்றிச் சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பேச்சுத்திறனும் பாதிக்கப்பட்டது. நவம்பரில் அமெரிக்காவின் புரூக்ளின் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கு சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை பெற்றார். இதற்கிடையே அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தி படுகொலை செய்யப்பட்டார். மக்களவைக்கும் தமிழகச் சட்டமன்றத்துக்கும் டிசம்பர் 24 அன்று ஒருசேரத் தேர்தல் நடந்தது.

அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த ஆண்டிப்பட்டியில் எம். ஜி. ஆர் வேட்பாளராக நிறுத்தப்பட்டார். அருகே வைகை அணை இருந்தும், வருசநாடு வரை நீளும் இத்தொகுதியில் மானாவாரி நிலங்கள் மிகுதி. முல்லைப் பெரியாற்று நீரால் செழிக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களினின்று இது வேறுபட்டது.

வேட்பாளர் ஒருமுறைகூட வாக்குக் கேட்டு வர இயலவில்லை. அவர் ஆட்சி நடத்தும் நிலையில் உள்ளாரா என்பதே தேர்தலின் முதன்மைக் கேள்வியாயிற்று. மருத்துவமனையில் எடுக்கப்பட்ட படக்காட்சிகள் ஊர்தோறும் திரையிடப்பட்டன. முதல் சட்டமன்ற வெற்றியைப் போலவே இறுதி வெற்றியும் மருத்துவமனையில் இருந்தபோது கிட்டியது. அதிமுக 132 இடங்களையும் கூட்டணிக் கட்சியான காங்கிரசு 61 இடங்களையும் பெற்றன. பெரியகுளம் மக்களவைத் தொகுதியில் அதிமுகவின் செல்வேந்திரன் வென்றார்.

பிப்ரவரி 4, 1985 அன்று நாடு திரும்பிய எம். ஜி. ஆர், பிப்ரவரி 10 அன்று மூன்றாம் முறையாகப் பதவியேற்றார். பேச்சு முழுமையாகத் திரும்பவில்லை. ஆண்டிப்பட்டி வாக்களித்த நாளிலிருந்து சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, டிசம்பர் 24, 1987 அன்று காலமானார். 1988-இல் இவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

தொகுதியின் பின்னாளைய நிலை

எம். ஜி. ஆர் மறைவுக்குப் பின் 1989-இல் ஆண்டிப்பட்டியைத் திமுக கைப்பற்றியது. பிப்ரவரி 2002 இடைத்தேர்தலில் இங்கு வென்ற செ. செயலலிதா மீண்டும் முதலமைச்சரானார். 2006-இலும் அவர் இங்கிருந்தே தேர்வானார். இவ்வாறு இரு முதலமைச்சர்களைத் தேர்ந்தெடுத்த தொகுதி என்ற பெயர் இதற்கு உண்டு.

1996-இல் மதுரை மாவட்டத்தைப் பிரித்துத் தேனி மாவட்டம் உருவாக்கப்பட்டது. தேனி, போடிநாயக்கனூர், கம்பம், ஆண்டிப்பட்டி, சேடப்பட்டி, பெரியகுளம் ஆகிய சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்டிருந்த பெரியகுளம் மக்களவைத் தொகுதி, 2008 மறுசீரமைப்பில் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் தேனி மக்களவைத் தொகுதி உருவானது. தேனி, சேடப்பட்டி சட்டமன்றத் தொகுதிகள் மறைந்தன. மதுரை மாவட்டத்தின் சோழவந்தானும் உசிலம்பட்டியும் புதிய மக்களவைத் தொகுதியில் சேர்ந்தன. தேனி என்ற பெயர் இவ்வாறு சட்டமன்றத் தொகுதிப் பட்டியலிலிருந்து நீங்கி, மக்களவைத் தொகுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

புதிய தொகுதியில் 2009-இல் காங்கிரசின் ஆரூண் ரசீத்தும், 2014-இல் அதிமுகவின் பார்த்திபனும் வென்றனர். 2019-இல் தமிழகத்தில் அதிமுக கூட்டணி வென்ற ஒரே மக்களவைத் தொகுதி தேனியாகும். அங்கு வென்றவர் ஓ. ப. இரவீந்திரநாத். 2024-இல் திமுக சார்பில் வென்ற தங்க தமிழ்ச்செல்வன், முன்னர் அதிமுக சார்பில் ஆண்டிப்பட்டியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். மறுசீரமைப்பில் பெயரை இழக்காத ஆண்டிப்பட்டி, தேனி மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளுள் ஒன்றாகத் தொடர்ந்தது.