80-ஐ 75 ஆக்கணும்... 12 இடத்தில் தேடணுமா? பிஎல்சி வரை வந்த டென்னிஸ் ரிட்சியின் சி மொழி

ஒரு தொழிற்சாலையில் தண்ணீர் தொட்டி 80 சதவீதம் நிரம்பியதும் மோட்டார்கள் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புரோகிராமில் 12 இடத்தில் 80 என்ற எண் இருக்கிறது. திடீரென்று 75 போதும் என்கிறார்கள். 11 இடத்தில் மாத்தியாச்சு, ஒண்ணு விட்டுப்போச்சு. மெயின் மோட்டார் 75-ல் நின்றுவிடும். ஸ்டாண்ட்பை மோட்டார் மட்டும் 80 வரை ஓடிக்கிட்டே இருக்கும்.

எண்ணுக்கு ஒரு பெயர் வைத்து, ஒரே இடத்தில் எழுதிவிட்டால் இந்த வம்பே இல்லை. இந்தப் பழக்கத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோன மொழிகளில் முக்கியமானது சி. அதை உருவாக்கியவர் டென்னிஸ் ரிட்சி.

யார் இந்த ரிட்சி?

1941 செப்டம்பர் 9-ம் தேதி நியூயார்க் மாநிலம் பிராங்க்ஸ்வில்லில் பிறந்தார். அப்பா அலிஸ்டர் ரிட்சி, பெல் ஆய்வக விஞ்ஞானி. ரிலே சுவிட்ச்களை வைத்து சர்க்யூட் அமைப்பது பற்றி 1951-ல் வெளியான முக்கியமான புத்தகத்தின் ஆசிரியர்களில் ஒருவர். பின்னாளில் தொழிற்சாலைகளில் ரிலே பேனல்களுக்குப் பதிலாக வந்ததுதான் பிஎல்சி. மோட்டார், வால்வு, கன்வேயரை எல்லாம் இயக்கும் தொழிற்சாலைக் கம்ப்யூட்டர் அது. அப்பா எழுதிய ரிலேவின் இடத்துக்கு, மகன் மொழியின் பழக்கம் போய்ச் சேர்ந்தது!

ஹார்வர்டில் படித்த ரிட்சி, முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடித்தும் கடைசி வரை பட்டம் வாங்கவில்லை. 1967-ல் அவரும் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே கென் தாம்சனுடன் சேர்ந்து யூனிக்ஸை உருவாக்கினார். தாம்சனின் பி மொழியை வளர்த்து சி மொழியாக்கினார். 1973-ல் யூனிக்ஸின் மையப்பகுதியே சி-யில் திருப்பி எழுதப்பட்டது.

மேக்ரோ எப்படி வந்தது?

எண்ணுக்குப் பெயர் வைப்பது ரிட்சியின் கண்டுபிடிப்பு இல்லை. முந்தைய மொழிகளிலும் அது உண்டு. சி-யில் 1972-73 வாக்கில், ஆலன் ஸ்னைடர் வற்புறுத்தியதும் ஒரு காரணமாக, 'ஹேஷ் டிஃபைன்' வந்தது. முதலில் அது வெறும் பெயர் மாற்று வேலைதான். மைக் லெஸ்க்கும் ஜான் ரெய்சரும்தான் அதை மதிப்பு கொடுத்து அழைக்கும் மேக்ரோவாக வளர்த்தார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கு. மேக்ரோ கணக்குப் போடாது, எழுத்தை அப்படியே ஒட்டும். எக்ஸ் பெருக்கல் எக்ஸ் என்று அடைப்புக்குறி இல்லாமல் மேக்ரோ எழுதி, அதில் 2+3 கொடுத்தால் 2+3×2+3 என்றாகிவிடும். 25 வர வேண்டிய இடத்தில் விடை 11!

பிஎல்சி-யில் என்ன செய்கிறார்கள்?

1993-ல் வந்த ஐஇசி 61131-3 தரநிலையில் சி மாதிரி ஹேஷ் டிஃபைன் கிடையாது. சி தெரிந்தவர்கள் முதல் நாளே தேடுவது அதைத்தான். அதற்குப் பதில் 'வேர் கான்ஸ்டன்ட்' என்ற பகுதியில் எண்ணை அறிவிக்கலாம். அது முழு எண்ணா, தசமமா, நேரமா என்று வகையையும் சொல்லியாக வேண்டும். நேரம் வர வேண்டிய இடத்தில் தசம எண்ணைப் போட்டால் கம்பைலரே பிடித்துவிடும். வெறும் எழுத்தை ஒட்டும் மேக்ரோவுக்கு வகையே தெரியாது.

மேக்ரோ செய்த கணக்கை ஃபங்ஷனாக எழுதிக்கொள்ளலாம். அது 2+3-ஐ முதலில் 5 ஆக்கிவிட்டுத்தான் உள்ளே போகும், அதனால் 25 சரியாக வரும். டைமர் மாதிரி பழைய நிலையை ஞாபகம் வைக்க வேண்டிய வேலைக்கு ஃபங்ஷன் பிளாக். இன்னொரு வேடிக்கை, சில பிஎல்சி மென்பொருட்கள் நாம் எழுதுவதை உள்ளுக்குள் சி மொழியாக மாற்றித்தான் இயக்குகின்றன.

கடைசி நாட்கள்

1983-ல் தாம்சனுடன் சேர்ந்து டூரிங் விருது பெற்றார் ரிட்சி. 2007-ல் ஓய்வு. நியூஜெர்சியில் தனியாக வசித்தவர், 2011 அக்டோபர் 12-ம் தேதி வீட்டில் இறந்து கிடந்தார். வயது 70. ஒரு வாரம் முன்புதான் ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்திருந்தார், செய்திகள் முழுக்க அவர்தான். ரிட்சியின் மறைவு, பழைய சக ஊழியர் ராப் பைக் இணையத்தில் போட்ட பதிவில்தான் பலருக்கும் தெரியவந்தது.