வெங்காயத்தோல் விஞ்ஞானி... ஒரு பல்கலைக்கழகத்தின் வாசலைத் தாண்டிய கதை!

காலையில சாம்பாருக்கு வெங்காயம் உரிச்சிருப்பீங்க. அந்தப் பழுப்புத் தோலை என்ன பண்ணீங்க? நேரா குப்பைக்கூடைதானே! அதே தோலை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய், அதிலிருந்த நிறமியைப் படிகமாகப் பிரித்தெடுத்தவர் ஒரு ஜப்பானியப் பெண். அது பிறகு ரத்த அழுத்தத்துக்கான மருந்தாகவும் வந்தது. அவர் பெயர் சிக்கா குரோடா.

ஆனா, நாம இப்போ பார்க்கப்போறது வெங்காயத்தை இல்லை. அந்த ஆய்வகத்துக்குள் போக அவர் தாண்டிய வாசலை!

1884-ல் ஜப்பானின் சாகா பகுதியில் பிறந்தவர் சிக்கா. பெண் பிள்ளைகளும் படிக்கணும்னு நினைச்ச அப்பா. டோக்கியோவில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அறிவியல் படித்தார். பிறகு அங்கேயே உதவிப் பேராசிரியர் ஆனார். அன்றைய ஜப்பானில் படிப்பு வழியே ஒரு பெண் எட்டக்கூடிய உயரம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு மேலே இருந்தவை இம்பீரியல் பல்கலைக்கழகங்கள். அங்கே மாணவர்கள் எல்லாரும் ஆண்கள்.

டோக்கியோ, கியோட்டோவுக்கு அடுத்து, மூன்றாவதாக 1907-ல் தொடங்கப்பட்டது டோஹோக்கு இம்பீரியல் பல்கலைக்கழகம். இருக்கும் இடம், வடகிழக்கில் செண்டாய் நகரம். தலைநகரத்துப் பெருமையெல்லாம் இல்லாத புதுப் பல்கலைக்கழகம். ஆனா, ஒரு விஷயத்துல அண்ணன்களை முந்திடுச்சு. வழக்கமான உயர்நிலைப் பள்ளி வழியாக வராதவர்களையும் தேர்வெழுத அனுமதித்தது. தொழிற்கல்வி படிச்சவங்க வரலாம், ஆசிரியர் பயிற்சி முடிச்சவங்களும் வரலாம். 1913-ல் இன்னும் ஒரு படி மேலே போய், பெண்களும் வரலாம் என்றது.

வேதியியல் அறிஞர் நாகாய் நாகாயோஷி, சிக்காவைத் தேர்வெழுதச் சொல்லி ஊக்கப்படுத்தினார். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வயசு 29. கையில் நல்ல வேலை. மற்றவங்களுக்குப் பாடம் எடுக்கிற ஆள், மறுபடியும் பரீட்சை ஹாலுக்குப் போகணும். ஃபெயிலானா ஊரே பேசும். போனார்.

அந்த ஆகஸ்ட் மாதத்திலேயே கல்வி அமைச்சகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. பெண்களைச் சேர்ப்பது இதுவரை இல்லாத வழக்கம், நன்றாக யோசிக்க வேண்டிய விஷயம் என்ற தொனியில் விளக்கம் கேட்டார்கள். பணமும் அதிகாரமும் அரசிடம்தான். பல்கலைக்கழகம் நினைத்திருந்தால், அந்தக் கடிதத்தைக் காரணம் காட்டி நைசாக நழுவியிருக்கலாம். நழுவவில்லை. மூன்று பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். வேதியியலுக்கு சிக்காவும் உமே டாங்கேவும், கணிதத்துக்கு ராக்கு மகிதா. உமேவுக்கு அப்போ வயசு 40!

1916-ல் பட்டம் வாங்கினார் சிக்கா. ஜப்பானில் இளநிலை அறிவியல் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். பேராசிரியர் மஜிமாவின் வழிகாட்டலில் அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, காலங்காலமாக ஜப்பானியர்கள் துணிக்கு ஊதாச் சாயம் ஏற்றிய ஒரு செடியின் வேர். அந்த நிறத்துக்குக் காரணமான பொருளின் வேதி அமைப்பைக் கண்டுபிடித்து, 1918-ல் டோக்கியோ வேதியியல் சங்கத்தில் விளக்கினார். அந்த மேடையில் ஆய்வு வாசித்த முதல் பெண்.

1921-ல் ஆக்ஸ்ஃபோர்டு போய்ப் படித்தார். 1923-ல் ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் டோக்கியோவைப் பெரும் பூகம்பம் புரட்டிப்போட்டது. அப்பவும் ஆராய்ச்சியை விடலை. குசும்பப்பூவின் சிவப்பு நிறத்தை ஆராய்ந்து 1929-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். வெங்காயத்தோல் அதுக்கப்புறம்தான். 1968-ல் மறையும்போது அவருக்கு வயது 84.

சரி, அந்தப் பல்கலைக்கழகம் என்னாச்சு? நம்ம வீட்டு மொட்டைமாடியில முன்னே டிவி ஆன்டெனா நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? அந்த யாகி-உடா ஆன்டெனா பிறந்தது அங்கேதான். 2002-ல் வேதியியல் நோபல் வாங்கிய கொய்ச்சி தனாகா அங்கே படித்தவர். உலகத்தரத்துக்கு உயர்த்த ஒரு பல்கலைக்கழகத்தை ஜப்பான் அரசு தேடியபோது, டோக்கியோவும் கியோட்டோவும்கூடப் போட்டியில் இருந்தன. 2024-ல் முதல் அங்கீகாரம் பெற்றது டோஹோக்கு!

டோக்கியோ பல்கலைக்கழகம் பெண்களை முறையான மாணவிகளாகச் சேர்த்தது எப்போ தெரியுமா? 1946-ல். டோஹோக்குவைவிட 33 வருஷம் லேட்.

அடுத்த தடவை காலேஜ் தேடும்போது ரேங்க் லிஸ்ட்டைப் பாருங்க, தப்பில்லை. கூடவே, அந்த இடம் யாரையெல்லாம் உள்ளே விட்டிருக்குன்னும் ஒருதடவை பார்த்துடுங்க. உங்க வயசு 29-ஆ இருந்தாலும் சரி, 40-ஆ இருந்தாலும் சரி, அப்ளிகேஷனை மட்டும் பாதியில மூடிடாதீங்க!