எம்.சி.ராஜா: மூன்றரை மாத அமைச்சர், இருபது ஆண்டுச் சட்டமன்றப் போராளி

எம்.சி.ராஜா என்றால் நம்மில் பலருக்கும் சைதாப்பேட்டையில் உள்ள மாணவர் விடுதிதான் நினைவுக்கு வரும். வரலாறு படித்தவர்களுக்கு ராஜா - மூஞ்சே ஒப்பந்தம் நினைவுக்கு வரும். அதைச் சொல்லியே அவரை ஒதுக்கிவிடுகிறவர்களும் உண்டு. அவர் சட்டமன்றத்துக்குள் போய் என்ன செய்தார், எதற்காக வாக்குக் கேட்டார், யாரிடம் தோற்றார் என்று கேட்பவர்கள் குறைவு. ஒரு மக்கள் பிரதிநிதியை எடைபோட அவர் மேடைப் பேச்சை விட அவையில் அவர் செய்த வேலைதான் சரியான படிக்கல். அந்தக் கல்லை வைத்து ராஜாவை நிறுத்துப் பார்ப்போம்.

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883-ல் பரங்கிமலையில் பிறந்தார். அன்று பரங்கிமலை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பள்ளி ஆசிரியரானார். பாடநூல்களும் எழுதினார். சேரிப் பிள்ளைகள் பள்ளி வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட காலம் அது. 1916-ல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளர் ஆனார். அங்கிருந்துதான் அவருடைய பொதுவாழ்வு தொடங்குகிறது.

மாண்டேகு - செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி 1920-ல் சென்னை மாகாணச் சட்டமன்றம் புதிதாக அமைந்தது. சொத்தும் வரியும் இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. நம் மக்களுக்குப் பெரும்பாலும் ஓட்டே இல்லை. ஆகவே தாழ்த்தப்பட்டோர் சார்பில் சிலரை ஆளுநர் நியமித்தார். அவர்களில் ராஜாவும் ஒருவர். நியமன உறுப்பினர் என்றால் அரசுக்குத் தலையாட்டுபவர் என்று அன்றும் ஏளனம் செய்தார்கள். ராஜா அந்த நாற்காலியை எப்படிப் பயன்படுத்தினார் என்று பாருங்கள்.

1922 ஜனவரியில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசு ஆவணங்களில் பஞ்சமர், பறையர் என்ற பெயர்களை எடுத்துவிட்டு, தமிழ் மாவட்டங்களில் ஆதிதிராவிடர் என்றும் தெலுங்கு மாவட்டங்களில் ஆதிஆந்திரர் என்றும் எழுத வேண்டும் என்பதே அது. அவை ஏற்றது. 1922 மார்ச் 25-ல் அரசாணை எண் 817 வெளியானது. இன்று நம் சாதிச் சான்றிதழில் ஆதிதிராவிடர் என்று இருக்கிறதே, அந்தச் சொல் கோப்பில் ஏறிய வழி இதுதான். மக்கள் தாமே சூட்டிக்கொண்ட பெயரை அரசின் பெயராக மாற்றியது ஓர் ஆசிரியர் கொண்டுவந்த ஒரு தீர்மானம்.

அப்போது மாகாணத்தை ஆண்டது நீதிக்கட்சி. ராஜா அதனோடுதான் இருந்தார். 1921-ல் பின்னி குழுமத்தின் பக்கிங்காம் - கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் நடந்தபோது உறவு முறிய ஆரம்பித்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் எரிந்தன. உயிர்களும் போயின. பிராமணரல்லாதார் அனைவருக்குமான கட்சி என்று சொல்லிக்கொண்ட நீதிக்கட்சியின் தலைவர்கள் எரிந்த குடிசைக்காரர்களையே குற்றம் சொன்னார்கள். அரசு இவர்களுக்குச் செல்லம் கொடுத்துவிட்டது என்றார்கள். 1923-ல் ராஜா அந்தக் கட்சியிலிருந்து வெளியேறினார். ஆளும் கட்சியை விட்டு வெளியே வந்தால் இழப்பு யாருக்கு என்று அவருக்குத் தெரியாததல்ல.

அதே அவையில் 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றில் எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். அதற்கும் அரசாணை வந்தது. ஆனால் ஆணை கோப்பில் இருந்தது, கிணறு ஊருக்குள் இருந்தது. தடுப்பவருக்கு என்ன தண்டனை என்று சொல்லாத ஆணை எவ்வளவு தூரம் நடக்கும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தக் குறை ராஜாவின் மனதில் தங்கியது. அதற்கு அவர் 1938-ல் விடை கண்டார்.

1925-ல் ஒடுக்கப்பட்ட இந்துக்கள் என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 1927-ல் டெல்லியில் மத்திய சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். அந்த அவையில் உட்கார்ந்த முதல் தாழ்த்தப்பட்ட உறுப்பினர் அவரே. 1937 வரை பத்தாண்டுகள் அங்கே இருந்தார். சைமன் குழுவோடு இயங்கிய இந்திய மத்தியக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார். ஆனால் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அழைப்பு அவருக்கு வரவில்லை. அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் சென்றார்கள்.

இப்போது அந்த ஒப்பந்தத்துக்கு வருவோம். தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்று அம்பேத்கரும் சீனிவாசனும் லண்டனில் வாதாடினார்கள். அதாவது, நம் பிரதிநிதியை நாம் மட்டுமே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1932 தொடக்கத்தில் ராஜா இந்து மகாசபையின் மூஞ்சேயோடு உடன்பாடு செய்துகொண்டார். இடங்களை ஒதுக்குங்கள், ஆனால் எல்லோரும் சேர்ந்து ஓட்டுப்போடும் கூட்டுத் தொகுதியாக இருக்கட்டும் என்பது அதன் சாரம். தாழ்த்தப்பட்டோர் அமைப்புகள் பலவும் இதை எதிர்த்தன. சாதி இந்துக்களோடு வாழத்தானே வேண்டும், அவர்கள் ஓட்டும் நமக்கு வேண்டும் என்பது ராஜாவின் கணக்கு.

அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு தனித் தொகுதியைக் கொடுத்தது. சென்னை மாகாணத்துக்கு 18 இடங்கள். காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. சென்னைக்கு 18 இடம் 30 ஆனது. ஆனால் தொகுதி கூட்டுத் தொகுதி ஆனது. எண்ணிக்கை ஏறியது, சாவி கைமாறியது. அந்தக் கைமாற்றத்தின் விலை என்ன என்பதை ஆறே ஆண்டில் ராஜா தன் கண்ணாலேயே பார்த்தார்.

அதற்கு முன் ஒரு முன்னோட்டமும் நடந்தது. பூனா ஒப்பந்தத்தின் சூட்டோடு, 1933-ல் மத்திய சட்டமன்றத்தில் சி.எஸ்.ரங்க ஐயர் கோயில் நுழைவு மசோதாவை அறிமுகம் செய்தார். காங்கிரஸ் தலைவர்கள் ஊர் ஊராக ஆதரவு திரட்டினார்கள். 1934-ல் தேர்தல் நெருங்கியது. ஆதரவு கரைந்தது. மசோதாவை ரங்க ஐயர் மனக்கசப்போடு திரும்பப் பெற்றார். ராஜா உறுப்பினராக இருந்த அவையில்தான் இது நடந்தது.

1937 பிப்ரவரியில் நடந்த மாகாணத் தேர்தலில் 215 இடங்களில் 159-ஐக் காங்கிரஸ் பிடித்தது. ஒதுக்கப்பட்ட 30-ல் 26 காங்கிரசுக்குப் போனது. வென்ற கட்சி, ஆளுநரின் சிறப்பு அதிகாரம் பற்றி உறுதிமொழி கேட்டு ஆட்சி அமைக்க மறுத்தது. இடைக்கால ஏற்பாடாக கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் ஏப்ரல் 1-ல் ஓர் அமைச்சரவை பதவியேற்றது. அதில் ஏ.டி.பன்னீர்செல்வம், முத்தையா செட்டியார் போன்றோருடன் எம்.சி.ராஜாவும் இருந்தார். வளர்ச்சித் துறை அவருக்குத் தரப்பட்டது. சேரியில் இருந்து வந்த ஒருவர் சென்னை மாகாணத்தில் மந்திரியானார் என்ற செய்திக்கு அன்று இருந்த மதிப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் அந்த அமைச்சரவைக்கு அவையில் பலம் இல்லை. ஜூலை 14-ல் அது விலகியது. அந்த மாத நடுவில்தான் புதிய சட்டமன்றம் சேப்பாக்கம் செனட் மண்டபத்தில் முதல்முறையாகக் கூடியது. ராஜா அமைச்சராக இருந்த மூன்றரை மாதமும் அவை கூடவே இல்லை. ஆகவே அமைச்சர் ராஜா போட்ட ஓட்டு என்று ஒன்றுகூடப் பதிவில் இருக்க முடியாது. பதவி போன பிறகு, சாதாரண உறுப்பினராக அவர் செய்ததுதான் அவர் வாழ்வின் பெரிய வேலை.

ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் ஆட்சி அமைந்தது. முதலமைச்சரை அப்போது பிரதமர் என்றே அழைத்தார்கள். 1938-ல் ராஜா தனிநபர் மசோதாக்கள் இரண்டைக் கையில் எடுத்தார். முதலாவது சமூக இழிவுகளை நீக்கும் மசோதா. பொதுக் கிணறு, குளம், பாதை, பொதுப் போக்குவரத்து, பொதுப் பணத்தில் நடக்கும் நிறுவனங்கள் ஆகியவற்றில் தீண்டாமையின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது. தடுத்தால் அது குற்றம். வழக்கம் என்று சொல்லித் தப்பிக்க நீதிமன்றம் இடம் தரக் கூடாது. அரசு இதை ஆதரித்தது. மசோதா நிறைவேறி 1938-ன் 21-வது சட்டமானது. 1924-ன் தீர்மானத்தில் இல்லாத பல் இதில் இருந்தது. 1955-ல் நாடு முழுவதற்கும் தீண்டாமைக் குற்றச் சட்டம் வருவதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் இது சட்டம். ஆளும் கட்சியைச் சேராத உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த மசோதா என்பதை மறக்கக் கூடாது. இன்றைய நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதா ஒன்று கடைசியாகச் சட்டமானது 1970-ல்.

இரண்டாவது, கோயில் நுழைவு மசோதா. அறிமுகமாகி, தேர்வுக் குழுவுக்கு அனுப்பும் கட்டத்துக்கு அது வந்தபோது, திரும்பப் பெறும்படி ராஜாஜி கேட்டார். காலம் கனியவில்லை, முதலில் மலபாரில் செய்து பார்ப்போம் என்பது அரசின் நிலை. ராஜா காந்திக்குக் கடிதம் எழுதினார். ராஜாஜியை நம்புங்கள் என்ற அறிவுரைதான் பதிலாக வந்தது. ராஜா திரும்பப் பெறவில்லை. வாக்கெடுப்பு நடக்கட்டும் என்று நின்றார். நடந்தது. தோற்றார்.

தோல்வி பெரிதல்ல. அந்தப் பலத்தோடு இருந்த அரசு எதிர்த்தால் எந்த மசோதாவும் தோற்கும். யார் எதிர்த்து ஓட்டுப்போட்டார்கள் என்பதுதான் விஷயம். ஒதுக்கப்பட்ட இடங்களில் வென்று வந்த காங்கிரஸ் உறுப்பினர்களும் கட்சி சொன்னபடி கோயில் நுழைவு மசோதாவுக்கு எதிராகவே வாக்களித்தார்கள். எந்த வாசலுக்குள் தம் மக்கள் போகக் கூடாது என்று சொல்லப்பட்டதோ, அந்த வாசலைத் திறக்கும் மசோதாவுக்கு எதிராக. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. பலர் தியாகிகள். ஆனால் அவர்களுக்குச் சீட்டுக் கொடுத்தது கட்சி. வெற்றிக்கான ஓட்டில் பெரும்பகுதியைக் கொடுத்தவர்கள் சாதி இந்துக்கள். கூட்டுத் தொகுதி வேண்டும் என்று 1932-ல் கையெழுத்துப் போட்ட ராஜா, 1938-ல் அந்தக் கூட்டுத் தொகுதியின் கைகள் தனக்கு எதிராக உயர்ந்ததைப் பார்த்தார். அம்பேத்கர் பிற்பாடு காங்கிரசைப் பற்றி எழுதிய நூலில் இந்த நிகழ்ச்சியை விரிவாகப் பதிவு செய்தார்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். தனித் தொகுதியில் 18 பேர் வந்திருந்தாலும் 215 பேர் அவையில் அந்த மசோதா தோற்றுத்தான் இருக்கும். ஆனால் தோற்றவர்கள் யார், தோற்கடித்தவர்கள் யார் என்பது பதிவேட்டில் தெளிவாக இருந்திருக்கும். நம் கையாலேயே நம் கண்ணைக் குத்தியதாக இருந்திருக்காது.

காலம் கனியவில்லை என்று சொல்லி ஓராண்டு முடிவதற்குள், 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். நுழைந்தவர்களையும் அனுமதித்தவர்களையும் காக்க ராஜாஜி அரசே அவசரச் சட்டமும் பிறகு முழுச் சட்டமும் கொண்டுவந்தது. அது நல்ல வேலை. அதற்கான பெருமையை அவர்களுக்குக் கொடுப்போம். ஆனால் முந்தைய ஆண்டு அதே அவையில் அதையே கேட்டு நின்றவரின் பெயர் மதுரைக் கதையைச் சொல்லும் எத்தனை மேடைகளில் வருகிறது? மாகாணம் முழுவதற்கும் பொதுவான கோயில் நுழைவுச் சட்டம் 1947-ல்தான் வந்தது. அதைப் பார்க்க ராஜா இல்லை. 1943 ஆகஸ்ட் 20-ல் அவர் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டு கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது, பத்தாண்டுக்கு முன் எதிரெதிராக நின்ற அம்பேத்கரும் ராஜாவும் ஒன்றாகவே சென்று கிரிப்சைச் சந்தித்தார்கள்.

இந்தக் கதை பழைய கதை அல்ல. இன்று தமிழ்நாட்டில் 44 சட்டமன்றத் தொகுதிகளும் 7 நாடாளுமன்றத் தொகுதிகளும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. எல்லாமே கூட்டுத் தொகுதிகள். 1985-ல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். 1938-ல் கட்சிக் கட்டுப்பாடு என்று இருந்தது இன்று அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணை. போதாக்குறைக்கு, பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிடுகின்றன. நம் உறுப்பினர் எந்தப் பக்கம் குரல் கொடுத்தார் என்ற பதிவுகூட நமக்குக் கிடைப்பதில்லை.

ஆனால் கேள்வி கேட்கக் கொறடா அனுமதி வேண்டியதில்லை. பஞ்சமி நிலம் பற்றி எத்தனை கேள்வி எழுப்பினார், துணைத்திட்ட நிதி வேறு வேலைக்குத் திரும்பியபோது பேசினாரா, வன்கொடுமை வழக்குகள் தேங்குவது பற்றி வெட்டுத் தீர்மானம் கொடுத்தாரா, விடுதிகளின் நிலையைச் சொன்னாரா என்பதெல்லாம் அவைக் குறிப்பில் இருக்கும். ராஜா ஆட்சியில் இல்லாதபோது, கட்சி பலம் இல்லாதபோது, ஒரு சட்டத்தை நிறைவேற்றினார். இன்னொன்றில் தோற்கப்போவது தெரிந்தே வாக்கெடுப்பு வரை போனார். அடுத்த முறை நம் தொகுதி உறுப்பினர் சேரிக்கு ஓட்டுக் கேட்டு வரும்போது, சாலை போட்டதையும் விளக்குப் போட்டதையும் கேட்டுவிட்டு, அவைக்குள் என்ன கேட்டீர்கள் என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்போம். எம்.சி.ராஜாவுக்கு மாலை போடுவதை விட அது அவருக்குப் பிடித்திருக்கும்.