தையல்கடை ஓவியத்துக்கு 9 கோடி ரூபாய்... யார் இந்த அக்கவுன்டன்ட் பூபேன் கக்கர்?

அடுத்த தடவை ஈ.சி.ஆர்ல மாமல்லபுரம் பக்கம் பைக்ல போறப்போ, முதலைப் பண்ணையைத் தாண்டி நெம்மேலியில கொஞ்சம் ஓரங்கட்டுங்க. கடல்நீரைக் குடிநீராக்குற ஆலைதான் அங்கே எல்லார் கண்ணுலயும் படும். நீங்க ரோட்டோரக் கடைகளைப் பாருங்க. எந்த ஊர் ரோட்டுலயும் இருக்குற அதே கடைகள்தான். டீக்கடை, சலூன், பஞ்சர் கடை, தையல்கடை. தையல்கடைக்குள்ள கழுத்துல இன்ச் டேப்போட, குனிஞ்ச தலை நிமிராம துணி வெட்டிக்கிட்டு ஒருத்தர் இருப்பார்.

அவரை ஒரு கேன்வாஸ்ல வரைஞ்சு, கடை போர்டுல இருக்குற பேரையே ஓவியத்துக்கும் வெச்சா யாராவது வாங்குவாங்களா?

வாங்கினாங்க. 2017 அக்டோபர்ல லண்டன் சோத்பீஸ் ஏலத்துல 'டீலக்ஸ் டெய்லர்ஸ்'ங்கிற ஓவியம் சுமார் 11 லட்சம் பவுண்டுக்குப் போச்சு. அன்றைய மதிப்புல நம்ம பணத்துக்கு 9 கோடி ரூபாய்க்கும் மேல. அது ஒரு தையல்கடைக்காரரோட படம். வரைஞ்சது 1972-ல. வரைஞ்சவர் பூபேன் கக்கர். ஏலச் சுத்தியல் மேஜையில விழுந்தப்போ அவர் இறந்து 14 வருஷம் ஆகியிருந்தது.

இந்தியாவோட முதல் 'பாப் ஆர்ட்' ஓவியர்னு அவரைச் சொல்வாங்க. ஆனா, வாழ்க்கையோட பெரும்பகுதி அவர் கணக்கு எழுதித்தான் சம்பாதிச்சார். பகல்ல ஆபீஸ், ராத்திரியில தனக்குப் பிடிச்ச வேலைன்னு ரெண்டு வாழ்க்கை வாழ்றவரா நீங்க? அப்போ இந்தக் கதை உங்களுக்குத்தான்.

கணக்குப் புத்தகமும் கலர் பென்சிலும்

1934 மார்ச் 10 அன்று பம்பாயில் பிறந்தார் பூபேன். குஜராத்திக் குடும்பம். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. நான்கு வயதிலேயே அப்பாவை இழந்தார். அம்மாவின் நம்பிக்கை முழுக்க இந்தக் கடைசிப் பையன் மேல் வந்து உட்கார்ந்தது. படிக்கணும், நல்ல வேலைக்குப் போகணும், குடும்பம் நிமிரணும். நம்ம வீடுகள்ல கேட்காத வசனமா இது?

பூபேனும் ஏமாற்றவில்லை. குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பம்பாய் பல்கலைக்கழகத்தில் கால் வைத்தார். பொருளாதாரம் படித்தார், வணிகவியல் படித்தார், சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்டாகவும் தகுதி பெற்றார். வீட்டைப் பொறுத்தவரை கதை அத்தோடு சுபம்.

ஆனால், மனசு ஓவியத்தில் கிடந்தது. 1958-ல் குலாம் முகமது ஷேக் என்கிற இளம் ஓவியர் அறிமுகமானார். பரோடாவில் புதிதாக ஒரு நுண்கலைக் கல்லூரி வந்திருக்கிறது, அங்கே வந்துவிடு என்று அவர் ஊக்கம் கொடுத்தார். 1962-ல் பூபேன் கிளம்பிவிட்டார். அப்போது வயது 28. இன்றைக்கு நம்ம ஃப்ரெண்ட்ஸ் பலர் இனிமே என்னத்தப் புதுசா கத்துக்கிறதுன்னு அலுத்துக்கிற வயசு.

கல்லூரியில் அவர் சேர்ந்தது ஓவியம் வரையும் படிப்பில் அல்ல, கலை விமர்சனப் படிப்பில். அதாவது, தூரிகை பிடிப்பதை முறையான வகுப்பில் கற்றவர் இல்லை. கை கால் அளவு சரியாக வராது, உருவங்கள் கொஞ்சம் விறைப்பாக நிற்கும். அந்தக் குறையை அவர் மறைக்கப் பார்க்கவில்லை. பின்னாளில் அதுவே அவருடைய அடையாளமானது.

பரோடாவில் வயிற்றுப்பாட்டுக்கு ஓர் இன்ஜினீயரிங் கம்பெனியில் பகுதிநேர அக்கவுன்டன்ட் வேலை. பேர் கிடைத்த பிறகும் பல வருடங்கள் அந்த வேலையை விடவில்லை. ஓவியம் விற்றால்தான் சோறு என்ற நிலை இல்லாததால், யாருக்குப் பிடிக்கும் என்று யோசித்து வரைய வேண்டிய கட்டாயமும் இல்லை.

இதே சிக்கலுக்கு இதே காலத்தில் நம்ம ஈ.சி.ஆரில் இன்னொரு விடை கிடைத்தது. ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பார்த்திருக்கீங்களா? சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ்.பணிக்கர் 1966-ல் உருவாக்கியது. பாத்திக் துணி, கைவினைப் பொருள்கள் செய்து விற்று, அந்தப் பணத்தில் ஓவியர்கள் சேர்ந்து நிலம் வாங்கினார்கள். அங்கே கூட்டாகச் சமாளித்ததை, பரோடாவில் பூபேன் தனியாளாக ஒரு பேரேட்டை வைத்துக்கொண்டு சமாளித்தார்.

சூப் டப்பா இல்லைன்னா என்ன, காலண்டர் இருக்கே!

பாப் ஆர்ட்னா என்ன? ரொம்ப எளிமையாச் சொல்லணும்னா, கடைத்தெருவை ஆர்ட் கேலரிக்குள்ள கூட்டிட்டு வர்றது. பிரிட்டனில் 1950-களில் தொடங்கி அமெரிக்காவில் பெரிதாக வெடித்தது. 1962-ல் ஆண்டி வார்ஹால் சூப் டப்பாக்களை வரிசையாக வரைந்து மாட்டினார். விளம்பரம், காமிக்ஸ், சினிமா ஸ்டார் எல்லாம் ஓவியத்துக்குள் வந்தன.

பரோடாவில் ஒரு பிரிட்டிஷ் ஓவிய மாணவருடன் தங்கியிருந்தபோது பூபேனுக்கு இந்த அலை அறிமுகமானது. ஆனால், அன்றைய இந்தியாவில் சூப் டப்பா ஏது? சூப்பர் மார்க்கெட் ஏது? நம்மகிட்ட இருந்தது காலண்டர் சாமி. சிவகாசியில் அச்சாகி வந்து நம்ம தாத்தா பாட்டி வீட்டுச் சுவரில் தொங்கிய அதே ரகம். கோவில்பட்டி கொண்டையராஜுவின் முருகனும் லட்சுமியும் தமிழ்நாட்டில் பூஜையறை வரை போனது போல, வடக்கிலும் மேற்கிலும் கடைத்தெருப் படங்கள் வீடுகளை நிறைத்திருந்தன. படித்த ஓவியர்கள் அதை மட்டமான ரசனை என்று ஒதுக்கிய காலம். பூபேன் அந்தச் சாமி படங்களை வெட்டி ஒட்டினார், பளபளக்கும் வண்ணங்களைச் சேர்த்தார். 1965-ல் பம்பாய் ஜஹாங்கிர் ஆர்ட் கேலரியில் நடந்த அவருடைய முதல் தனிக் கண்காட்சியில் வந்தவை இந்த வேலைகள்தான்.

குறும்பு அத்தோடு நிற்கவில்லை. 1972 கண்காட்சிக்கான கையேட்டில் தன் படத்தையே விளம்பர பாணியில் போட்டுக்கொண்டார். ஜேம்ஸ் பாண்டாக ஒரு போஸ், மிஸ்டர் யுனிவர்ஸாக ஒரு போஸ். ஓவியர் என்றால் தாடியும் சோகமும் வேணும் என்கிற பிம்பத்தை அவரே கிண்டலடித்தார். இன்ஸ்டாகிராம் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே ரீல்ஸ் மனசு!

போர்டு எழுதின கடைகள்

அதே 1972-ல்தான் அவருடைய ஓவியங்களுக்குள் மனுஷங்க வந்து உட்கார்ந்தார்கள். கைக்கடிகாரம் ரிப்பேர் பண்ணுபவர் 'ஜனதா வாட்ச் ரிப்பேரிங்'கில் வந்தார். முடிதிருத்துபவரும், தையல்காரரும், உதவி அக்கவுன்டன்ட் ஒருவரும் கூட வந்தார்கள்.

அதுவரை இந்திய நவீன ஓவியத்தில் கிராமத்து விவசாயி இருந்தார், புராண நாயகன் இருந்தார், உருவமே இல்லாத அரூப ஓவியங்களும் இருந்தன. ஆனால், கடை ஷட்டரைக் காலையில் தூக்கி ராத்திரி இறக்கும் சின்ன ஊர் மனிதர் எங்கேயும் இல்லை. அவரை ஏழை என்று பரிதாபப்பட்டும் வரைய முடியாது, வீரன் என்று போற்றியும் வரைய முடியாது. நடுவில் நிற்பவர். பூபேனுக்கு அவரைத் தெரியும். காரணம், அவரும் தினமும் டேபிளில் குனிந்து வேலை பார்த்த ஆள்.

வண்ணங்கள் மிட்டாய்க் கடை மாதிரி இருக்கும். பார்த்ததும் சிரிப்பு வரும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால், அந்த முகங்களில் ஒரு தனிமை தெரியும். அந்தத் தனிமையில் ஓவியரின் பங்கும் இருந்தது.

யாரைத் திருப்திப்படுத்துவது?

பூபேன் தன்பாலின ஈர்ப்பாளர். இதை வெளியே சொல்ல அவருக்கு ஐம்பது வயதை நெருங்க வேண்டியிருந்தது. வீட்டில் அம்மா, வெளியில் சட்டம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு அப்போது அவரைப் போன்றவர்களைக் குற்றவாளியாகப் பார்த்தது. பல வருடங்கள் மறைத்தே வாழ்ந்தார்.

1970-களின் இறுதியில் இங்கிலாந்தில் நண்பரும் ஓவியருமான ஹோவர்ட் ஹாட்ஜ்கின் வீட்டில் தங்கினார், பாத் நகரத்துக் கலைக் கல்லூரியில் பாடம் எடுத்தார். அங்கே தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் கொஞ்சம் வெளிப்படையாக வாழ்வதைப் பார்த்தார். 1980-ல் அம்மா இறந்தார். அதற்கு அடுத்த வருடம் ஓர் ஓவியம் வந்தது. பெயர், எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது என்ற பொருளில்.

அப்பா, மகன், கழுதை கதை உங்களுக்குத் தெரியும்தானே? அப்பா ஏறினாலும் ஊர் பேசும், மகன் ஏறினாலும் ஊர் பேசும், ரெண்டு பேரும் ஏறினாலும் பேசும். ஊர் வாய்க்குப் பயந்து நடந்து கடைசியில் கழுதையே போய்விடும். ஓவியத்தில் அந்தக் கதை தெருவில் நடக்கிறது. பால்கனியில் ஒருவர் உடையில்லாமல், முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அதை வேடிக்கை பார்க்கிறார். அது பூபேன்தான். பேட்டி கொடுத்துச் சொல்லவில்லை, மேடையேறி அறிவிக்கவில்லை. ஒரு குழந்தைக் கதையை வைத்துச் சொல்லிவிட்டார்.

1982-ல் அடுத்த ஓவியம். காசியின் நீல இருட்டில் இரண்டு ஆண்கள் தழுவி நிற்கிறார்கள். சுற்றிலும் சாதுக்கள், வழிபாடு, ஊரின் அன்றாடம். காதலையும் பக்தியையும் ஒரே கேன்வாஸில் வைத்தார். அவர் நேசித்தவர்கள் பெரும்பாலும் தன்னைவிட மூத்த, சாதாரண மனிதர்கள். அந்தத் தையல்காரரையும் வாட்ச் ரிப்பேர்காரரையும் அவர் ஏன் அவ்வளவு கவனமாகப் பார்த்தார் என்பது இப்போது உங்களுக்குப் புரியும்.

நல்லதும் நடந்தது. 1984-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1996-ல் கழுதைக் கதை ஓவியத்தை லண்டன் டேட் அருங்காட்சியகம் வாங்கியது. சல்மான் ருஷ்டி தன் நாவல் ஒன்றில் இவரை மனதில் வைத்து ஓர் அக்கவுன்டன்ட் ஓவியரைப் படைத்தார், இவர் பதிலுக்கு ருஷ்டியை வரைந்தார். குஜராத்தியில் சிறுகதைகளும் நாடகமும் எழுதினார்.

1990-களின் பிற்பகுதியில் புராஸ்டேட் புற்றுநோய் வந்தது. அதையும் வரைந்தார். வலியையும் ரத்தத்தையும் கொஞ்சமும் மறைக்காத ஓவியங்கள் அவை. 2003 ஆகஸ்ட் 8 அன்று பரோடாவில் இறந்தார்.

சுத்தியல் விழுந்த பிறகு

இப்போ ஏலத்துக்கு வருவோம். ஒரு தையல்கடைப் படம் எப்படி 9 கோடியைத் தாண்டியது? 'டீலக்ஸ் டெய்லர்ஸ்' இருந்தது ஹோவர்ட் ஹாட்ஜ்கினிடம். அவர் 2017 மார்ச்சில் இறந்ததும், அவருடைய சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. ஏல நிறுவனம் முன்கூட்டியே சொன்ன உத்தேச விலை இரண்டரை முதல் மூன்றரை லட்சம் பவுண்ட்தான். ஒரு வருடம் முன்பு, 2016-ல், டேட் மாடர்ன் அருங்காட்சியகம் பூபேனுக்குப் பெரிய கண்காட்சி நடத்தியிருந்தது. ஓவியம் பெரிய ஓவியர் ஒருவரின் வீட்டிலிருந்து வருகிறது என்பதும் சேர்ந்துகொண்டது. ஓவியம் யார் யார் கைமாறி வந்தது என்பதற்கு ஏலச் சந்தையில் பெரிய மதிப்பு உண்டு. விலை மும்மடங்கைத் தாண்டியது.

2019 ஜூனில் அந்தக் காசி ஓவியம் லண்டனில் ஏலம் போனது. சுமார் 22 கோடி ரூபாய். அவருடைய ஓவியங்களில் அதுவரை இல்லாத உச்சம். அதற்கு ஒன்பது மாதங்கள் முன்பு, 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்த இருவர் விரும்பி இணைவதை 377-வது பிரிவின் கீழ் இனி குற்றமாகக் கருதக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஓவியம் வரைந்தபோது குற்றமாக இருந்தது, விற்றபோது குற்றமில்லை. இடையில் சுமார் 37 வருடங்கள். அதைப் பார்க்க பூபேன் இல்லை. இந்த மாதிரி மறுவிற்பனை ஏலங்களில் கைமாறுகிற பணமும் முக்கியமாக விற்பவருக்குத்தான் போகும்.

அப்போ அவருக்கு என்ன கிடைச்சதுன்னு கேட்கிறீங்களா? நினைச்சதை, நினைச்ச நேரத்துல வரைஞ்சார். சம்பளம் வர்ற வேலையை விட்டுட்டுத்தான் கலைக்கு வரணும்னு அவர் காத்திருக்கலை. எல்லாரும் ஒத்துக்கிட்ட பிறகு உண்மையைச் சொல்லலாம்னு ஐம்பது வயசு வரைக்கும் காத்திருந்தார், அதுக்கப்புறம் காத்திருக்கலை. ரெண்டாவதுல அவர் இழந்த வருஷங்களை எந்த ஏலத்துலயும் திருப்பி வாங்க முடியாது. உங்ககிட்ட அந்த வருஷங்கள் இன்னும் இருக்கு.

சரி, நெம்மேலியில வண்டியை ஓரங்கட்டி ரொம்ப நேரமாச்சு. கிளம்புறதுக்கு முன்னாடி அந்தத் தையல்கடையை இன்னொரு தடவை பாருங்க. போர்டுல எந்த எழுத்துக்கு என்ன கலர், மாட்டியிருக்குற சட்டை யாருக்கு, சுவர்ல எந்த வருஷத்துக் காலண்டர்? அவர் நிமிர்ந்து பார்த்தா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமாண்ணேன்னு கேளுங்க. சரின்னு சொன்னா மட்டும் எடுங்க. அப்படியே பேன்ட்டுக்கு அளவும் கொடுத்துட்டு வாங்க.