எழுதத் தெரியாத தாய் 115 நாவல் எழுதினார்!
வை.மு.கோதைநாயகி அம்மாள் வாழ்க்கை வரலாறு

காலை நேரத்தில் ஆவடி, அம்பத்தூர் ரெயில் நிலையங்களில் நின்று பாருங்கள். சமையலை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வேலைக்கு ஓடும் தாய்மார்களைக் காணலாம். அவர்களில் பாட்டுப் பாடத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். கதை எழுத ஆசைப்படுகிறவர்களும் இருப்பார்கள். வீட்டைக் கவனிப்பதா, கலையைக் கவனிப்பதா என்ற கேள்வி அவர்கள் மனதில் இருக்கும்.

இதே சென்னையில், திருவல்லிக்கேணியில் வாழ்ந்த ஒரு தாய்க்கும் அந்தக் கேள்வி எழுந்தது. அவர்தான் வை.மு.கோதைநாயகி அம்மாள்.

5 வயதில் திருமணம்

கோதைநாயகி 1901-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். பாட்டியும் உறவினர்களும் வளர்த்தார்கள். 1907-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. அப்போது வயது 5. மாப்பிள்ளை பார்த்தசாரதியும் சிறுவன்தான்.

கோதைநாயகி பள்ளிக்கூடம் சென்றது இல்லை. ஆனால், கதை சொல்வதில் கெட்டிக்காரி. அக்கம் பக்கத்துக் குழந்தைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்பார்கள். மனைவியின் திறமையைப் பார்த்தசாரதி கண்டுகொண்டார். மனைவியை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். பெண்கள் வெளியே வருவதே அரிதாக இருந்த காலம் அது.

தோழியின் கை

நாடகம் பார்க்கப் பார்க்க, தாமும் ஒரு நாடகம் எழுத வேண்டும் என்ற ஆசை பிறந்தது. எழுதத்தான் தெரியாது! தோழி பட்டம்மாள் கை கொடுத்தார். கோதைநாயகி சொல்லச் சொல்ல, பட்டம்மாள் எழுதினார். இப்படி உருவானதுதான் 'இந்திரமோகனா' நாடகம். அது 1924-ல் வெளிவந்தது.

பிறகு கோதைநாயகி தாமே எழுதப் பழகிக்கொண்டார். அதன்பின் அவருடைய பேனா ஓயவில்லை.

1925-ல் 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கினார். அதில் அவருடைய 'வைதேகி' நாவல் தொடராக வந்தது. குடும்பப் பெண்ணுக்குப் பத்திரிகை எதற்கு என்று ஏசியவர்கள் உண்டு. கணவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மனைவியின் பக்கம் உறுதியாக நின்றார்.

சிறையிலும் எழுத்து

காந்தியடிகளைச் சந்தித்தபின் பட்டையும் நகையையும் ஒதுக்கிவிட்டுக் கதர் உடுத்தினார். மேடைகளில் பேசினார், பாடினார். 1930-களின் தொடக்கத்தில் மறியல் செய்து சிறை சென்றார். ஒரு குடும்பத் தலைவி வீட்டை விட்டுச் சிறையில் இருப்பது எளிதா? அங்கேயும் அவர் நாவல் எழுதினார்.

இரண்டாம் உலகப் போரின்போது, சென்னையை விட்டுச் சிங்கப்பெருமாள் கோவில் கிராமத்துக்குப் பத்திரிகையைக் கொண்டுபோனார். எத்தனை இடையூறு வந்தாலும் அதைக் கைவிடவில்லை. மொத்தம் 115 நாவல்கள் எழுதினார். 'அனாதைப் பெண்' நாவல் 1938-ல் சினிமாப் படமாக வந்தது.

மகன் மறைந்தார்

அவருக்கு ஒரே மகன், சீனிவாசன். 1956-ல் அந்த மகன் இறந்துபோனார். சிறைக்கு அஞ்சாத தாய், இந்தத் துயரத்தில் ஒடிந்துபோனார். பழைய ஊக்கம் திரும்பவில்லை. 1960-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி கோதைநாயகி அம்மாள் காலமானார்.

அவர் எழுதிய கதையை வைத்து எடுத்த 'சித்தி' என்ற படம் 1966-ல் வெளிவந்தது. பத்மினி கதாநாயகியாக நடித்தார். தாய்மார்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று பார்த்தார்கள். கதை எழுதியவர் அதைக் காண உயிரோடு இல்லை.

கோதைநாயகி வீட்டைத் துறக்கவில்லை, கலையையும் துறக்கவில்லை. அதற்கு அவருடைய உழைப்பு மட்டுமே காரணம் அல்ல. ஊர் ஏசியபோது கணவர் அருகில் நின்றார். எழுத்து வராதபோது தோழி எழுதிக் கொடுத்தார். உங்கள் வீட்டிலும் பாடத் தெரிந்த தாய், எழுத விரும்பும் மருமகள் இருக்கலாம். அவருக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒழித்துக் கொடுங்கள். அந்த நேரத்தில் அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்!