லூஸி வில்ஸ் அம்மையார்: தாய்மாரின் உயிர் காத்த ஆராய்ச்சி

திருவள்ளூரில் கோயில் கொண்டிருக்கும் வீரராகவப் பெருமாளை நம் ஜனங்கள் வைத்தியர் என்றே அழைக்கிறார்கள். அமாவாசைதோறும் பிணியுற்றோரும் அவர்களுடைய சுற்றத்தாரும் அங்கே திரண்டு, திருக்குளத்தில் வெல்லத்தைக் கரைத்துப் பிரார்த்தனை செய்வது தொன்றுதொட்ட வழக்கம். அந்த க்ஷேத்திரத்திற்கு வடகிழக்கே, கும்மிடிப்பூண்டியைச் சுற்றியுள்ள பிரதேசமோ இன்று தொழிற்சாலைகளால் நிறைந்திருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளிலும், ஜில்லாவெங்கும் பரவியுள்ள செங்கற்சூளைகளிலும் ஆயிரக்கணக்கான ஸ்திரீகள் உழைத்துப் பிழைக்கிறார்கள். இவர்களில் ஒருத்தி கர்ப்பமுற்றால், கிராம சுகாதார நர்ஸ் அவள் கையில் சில மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த சிறு மாத்திரைகள், விலையில்லாமல் கிடைப்பவை. அவற்றை விழுங்குகிறவளுக்கு அவற்றின் பூர்வ சரித்திரம் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்தச் சரித்திரம் பம்பாயிலுள்ள பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்களின் குடிசைகளில் தொடங்கி, நமது திருவல்லிக்கேணி வழியாகவும் சென்ற ஒன்றாகும். அதன் நாயகி லூஸி வில்ஸ் என்னும் ஆங்கில மாதரசி.

இவ்வம்மையார் 1888-ம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் நகருக்கு அருகிலுள்ள ஸட்டன் கோல்ட்பீல்டில் பிறந்தார். தந்தையின் குடும்பத்தார் அரிவாள் முதலிய கூரிய கருவிகள் செய்யும் தொழில் நடத்தியவர்கள். தந்தையோ விஞ்ஞானம் பயின்றவர். தாயாரைப் பெற்றவர் பர்மிங்ஹாமில் பேர்பெற்ற வைத்தியர். லூஸி கேம்பிரிட்ஜிலுள்ள நியூன்ஹாம் கல்லூரியில் தாவர சாஸ்திரமும் பூகர்ப்ப சாஸ்திரமும் கற்று, 1911-ல் பரீக்ஷையில் தேறினார். தேறியும் என்ன பயன்? பெண்களுக்குப் பட்டம் அளிப்பதில்லை என்ற பழைய விதியை அந்தச் சர்வகலாசாலை பற்றிக்கொண்டிருந்த காலம் அது. ஆண்களுக்குச் சமமாகப் பெண்களுக்கும் பட்டம் தர அந்தக் கேம்பிரிட்ஜ் 1948-ம் வருஷம் வரையில் தாமதித்தது. நம் நாட்டில்தான் பெண் கல்விக்குத் தடை இருந்தது என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

அதே 1911-ல் தந்தை காலமானார். இரண்டு வருஷங்களுக்குள் சகோதரியும் இறந்தார். துயரத்தை மாற்றிக்கொள்ளத் தாயாருடன் இலங்கைக்கும், பின்னர் தென்னாப்பிரிக்காவுக்கும் அவர் யாத்திரை செய்தார். 1914-ல் மகாயுத்தம் மூண்டபோது கேப்டவுனில் சில வாரங்கள் நர்ஸாகத் தொண்டு புரிந்தார். ஊர் திரும்பியதும் லண்டனில் பெண்களுக்கென்றே ஏற்பட்டிருந்த வைத்தியக் கலாசாலையில் சேர்ந்து, 1920-ல் டாக்டரானார். அப்போது அவருக்கு வயது 32. மற்றவர்களைப் போல வைத்தியத் தொழில் நடத்திப் பொருள் சேர்க்க அவர் விரும்பவில்லை. ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியின் பரிசோதனைச் சாலையில் அமர்ந்து, கர்ப்ப காலத்தில் ஸ்திரீகளின் தேகத்தில் நிகழும் மாறுதல்களை ஆராயத் தொடங்கினார்.

அந்நாளில் இந்தியாவிலிருந்து ஒரு துயரச் செய்தி வைத்திய உலகத்தை எட்டியிருந்தது. கர்ப்பிணிகளுக்கு ஒருவகைக் கடுமையான இரத்த சோகை காண்கிறது. முகம் வெளிறி, கால் வீங்கி, மூச்சு வாங்கி, பிரசவத்திற்கு முன்னோ பின்னோ பலர் மாண்டுபோகிறார்கள் என்பதே அந்தச் செய்தி. இரத்தத்தைப் பரிசோதித்தால் சிவப்பு அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும், ஒவ்வொன்றும் அளவில் பருத்தும் காணப்பட்டன. இரும்புச் சத்துக் குறைவினால் வரும் சோகையில் அணுக்கள் சிறுத்துப்போகும். ஆகவே இது வேறு ஜாதி நோய் என்பது விளங்கிற்று. காரணம் மட்டும் விளங்கவில்லை. உஷ்ண தேசத்தின் தோஷம் என்றனர் சிலர். குடலில் வளரும் கிருமிகளின் வேலை என்றனர் வேறு சிலர்.

இந்திய ஸ்திரீகளின் வைத்தியத்திற்கென நெடுங்காலம் உழைத்த மார்கரெட் பால்ஃபோர் என்னும் டாக்டர், பம்பாயில் பிரசவ மரணங்களைப் பற்றிய விசாரணையில் அப்போது ஈடுபட்டிருந்தார். அவருடைய அழைப்பை ஏற்று, வில்ஸ் அம்மையார் 1928-ல் பம்பாய் வந்து சேர்ந்தார். பரேலிலுள்ள ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையம் அவருடைய களமாயிற்று. செலவை ஏற்றது இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம். அதாவது, நம் குடிமக்களின் வரிப்பணமே இந்த ஆராய்ச்சிக்கு ஆதாரமாயிருந்தது என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அம்மையார் முதலில் கிருமிகளைத் தேடினார். அவற்றின்மேல் குற்றம் சாட்ட ஆதாரம் கிடைக்கவில்லை. பிறகு அவர் செய்த காரியம்தான் முக்கியமானது. பரிசோதனைக் குழாயை விட்டு எழுந்து, நோயாளிகள் எங்கே வசிக்கிறார்கள், என்ன உண்கிறார்கள் என்று விசாரிக்கலானார். தல்பதே, மேத்தா ஆகிய இந்திய டாக்டர்கள் அவருடன் சேர்ந்து உழைத்தார்கள். இந்நோய் எல்லாரையும் ஒரேவிதமாகப் பீடிக்கவில்லை என்பது வெளியாயிற்று. பஞ்சாலைகளில் உழைத்து வயிறு வளர்த்த ஏழைப் பெண்களிடையே, விசேஷமாக முஸ்லிம் ஏழைப் பெண்களிடையே, அது மிகுந்திருந்தது. அவர்களுடைய உணவில் கீரையும் காய்கறியும் பழமும் இல்லை. புஷ்டி தரும் பதார்த்தமும் மிகச் சொற்பம். ஒரே நகரம், ஒரே வெயில், ஒரே காற்று. ஆயினும் வயிறார உண்டவள் பிழைத்தாள், உண்ண வகையற்றவள் மடிந்தாள். தேசத்தின் சீதோஷ்ணம் குற்றவாளி அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாக்ஷியம் எதற்கு?

ஆனால் சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. அந்தப் பெண்கள் உண்ட உணவையே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் அம்மையார். எலிகளுக்கும் சோகை கண்டது. சினையுற்ற எலிகள் ஈனுமுன்னே செத்தன. அதே உணவுடன் ஈஸ்டைச் சேர்த்தபோது அவை தப்பின. எலிகளின் சோகையில் பேன் மூலம் பரவும் ஒரு கிருமிக்கும் பங்கு உண்டென்று பின்னர் தெரிந்தது. அம்மையார் அதை மறைக்கவில்லை, தளரவும் இல்லை. குரங்குகளை வைத்துச் சோதனையைத் தொடர்ந்தார். ஈஸ்டின் சாறாகிய மார்மைட் என்னும் பொருளைப் புகட்டியதும் குரங்குகளின் இரத்தம் தெளிந்தது. சாராயப் பட்டறைகளில் மிஞ்சிய ஈஸ்டிலிருந்து செய்யப்படும் அப்பொருள், இங்கிலாந்தில் ஏழைகள் ரொட்டியில் தடவித் தின்னும் மலிவான பண்டம்.

பிறகு அதைக் கர்ப்பிணிகளுக்கே கொடுத்தார்கள். சில தினங்களில் இரத்தத்தில் புதிய அணுக்கள் தோன்றின. படுக்கையை விட்டு எழ முடியாதிருந்தவர்கள் எழுந்தார்கள். 1931-ல் இந்த முடிவுகள் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தன. ஈரலின் சாறும் குணம் தந்ததாயினும் அது விலை மிகுந்தது. மார்மைட்டோ ஏழைக்கும் எட்டக்கூடியது. பயன் தரும் மருந்தைக் கண்டுபிடிப்பதோடு நில்லாமல், அது ஏழையின் கைக்கு எட்டுமா என்று கேட்ட ஆராய்ச்சி இது.

இவ்வாராய்ச்சியில் நமது மாகாணத்திற்கும் பங்கு உண்டு. 1929-ல் அம்மையார் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் சில மாதங்கள் வேலை செய்தார். உணவு ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ராபர்ட் மக்காரிஸன் அங்கிருந்த காலம் அது. 1931-ம் வருஷத் தொடக்கத்தில் சென்னையில், ஜாதி ஹிந்து ஸ்திரீகளுக்கும் கோஷா ஸ்திரீகளுக்குமென 1885-ல் ஏற்பட்ட ஆஸ்பத்திரியில் பணிபுரிந்தார். ஆண் வைத்தியரிடம் செல்ல மறுத்து வீட்டிலேயே மடிந்துகொண்டிருந்த பெண்களுக்காக மேரி ஷார்லீப் அம்மையார் நிறுவிய ஸ்தாபனம் அது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி பெயரைத் தாங்கி நிற்பது அதுவே. பழைய மனிதர்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள்.

1933-ல் இங்கிலாந்து திரும்பிய வில்ஸ், 1937-ல் மீண்டும் பம்பாய் வந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். மிகவும் சுத்தி செய்யப்பட்ட ஈரல் சாறு வேறுவகைச் சோகையைத் தீர்த்தது. ஆனால் இந்தியக் கர்ப்பிணிகளின் சோகையைத் தீர்க்கவில்லை. ஆகவே மூல ஈரலிலும் ஈஸ்டிலும் அதுவரை எவரும் அறியாத வேறொரு சத்து இருக்கவேண்டும் என்று அவர் முடிவு செய்தார். விஞ்ஞானிகள் அதற்கு வில்ஸ் சத்து என்று பெயரிட்டார்கள்.

பெயரிட்டாயிற்று, பொருளைப் பிரித்தெடுப்பது யார்? 1941-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸைச் சேர்ந்த விஞ்ஞானிகள், டன் கணக்கான கீரையைப் பிழிந்து ஒரு சத்தை எடுத்தனர். இலைக்கு லத்தீன் மொழியில் உள்ள பெயரை ஒட்டி ஃபோலிக் அமிலம் என்று அதை அழைத்தனர். அதை இரசாயன முறையில் தயாரித்து 1945-ல் உலகுக்கு அளித்த கோஷ்டியின் தலைவர் யார் என்பதை அறியும்போது, நமது நெஞ்சம் பூரிக்கிறது. பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் 1895-ல் பிறந்து, சென்னை வைத்தியக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்தான் அவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, கல்லூரியிலே கதர் உடுத்தி நின்ற மாணவர். அதனால் ஆங்கிலப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழு டாக்டர் பட்டம் கிடைக்காமல் தாழ்ந்த பட்டத்துடன் வெளியேறியவர். உடன்பிறந்தார் இருவரை, உணவுச் சத்து உடலில் ஒட்டாத ஸ்ப்ரூ என்னும் நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த நோய்க்கும் ஃபோலிக் அமிலம் மருந்தாயிற்று என்பது விதியின் விநோதம். அவர் 1948-ல் அமெரிக்காவிலேயே மறைந்தார். சென்னையில் ஏளனம் செய்யப்பட்ட கதர்ச் சட்டைக்காரர், அந்த ஆங்கில மாது தொடங்கிய வேலையை முடித்து வைத்தார்.

வில்ஸ் அம்மையார் 1947-ல் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்ற சொல் அவருக்குப் பொருந்தாது. ஜமெய்க்கா, பிஜி முதலிய தேசங்களுக்குச் சென்று ஏழைகளின் உணவையும் சோகையையும் ஆராய்ந்தார். கடைசிப் பத்து வருஷங்கள் லண்டனில் செல்ஸி நகரசபையில் தொழிற்கட்சி அங்கத்தினராக இருந்து உழைத்தார். விவாகம் செய்துகொள்ளவில்லை, ஆடம்பரம் அறியாதவர், வேலைக்குச் சைக்கிளில் போய்வந்தவர். 1964-ம் வருஷம் ஏப்ரல் 16-ந் தேதி தமது 75-வது வயதில் காலமானார். அவர் இறந்து 27 வருஷங்களுக்குப் பிறகு, 1991-ல், ஏழு தேசங்களில் நடந்த பெரும் பரிசோதனை ஒன்றின் முடிவு வெளியாயிற்று. முன்பே ஊனமுற்ற சிசுவைப் பெற்ற தாய்மார், கருத்தரிக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உண்டுவந்தால், முதுகெலும்பும் மூளையும் சரியாக மூடாத அந்த ஊனம் மீண்டும் நேராமல் பெரும்பாலும் தடுக்கலாம் என்பது அதனால் ருசுவாயிற்று. தாயைக் காக்கக் கண்ட மருந்து சேயையும் காத்தது.

அந்நிய ஆட்சி நடந்த நாளில் வந்த ஓர் ஆங்கில மாதைப் புகழ்வானேன் என்று தேசத் தொண்டர் சிலர் கேட்கக்கூடும். நமது பதில் இது. அவர் ஆட்சியின் புகழைப் பாட வரவில்லை. இந்தியத் தாய்மார் தங்கள் இரத்தத்தின் குறையாலோ, நாட்டு வெயிலாலோ, தலைவிதியாலோ சாகவில்லை. நல்ல உணவு கிடையாமையால் சாகிறார்கள் என்று ஆலைக் குடிசைகளில் கண்டதை எழுதினார். அந்த ஆட்சியின்மீது அதைவிடக் கடுமையான குற்றப்பத்திரிகையை எந்த மேடைப் பிரசங்கியும் வாசிக்கவில்லை. அவர் மருந்தைக் கண்டார்; ஆனால் கூலியை உயர்த்துவது ஆராய்ச்சியாளரின் கையில் இல்லை. அந்தக் கடமை நமக்கு விடப்பட்டது.

அக்கடமையை நாம் நிறைவேற்றினோமா? நமது ராஜ்யத்தில் பிரசவ மரணம் வெகுவாகக் குறைந்திருப்பது பெருமைக்குரியதே. 2018-20-ம் வருஷக் கணக்குப்படி, லக்ஷம் பிரசவங்களுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தனர். தமிழ்நாட்டில் 54 பேர். ஆயினும் 2019-21-ல் நடந்த தேசீயக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் இரத்த சோகையுற்றவர்கள். இன்றைய சோகைக்குப் பிரதான காரணம் இரும்புச் சத்துக் குறைவு. வில்ஸ் கண்ட குறைவும் அடியோடு ஒழிந்துவிடவில்லை. மூலமோ அன்று போலவே இன்றும் தட்டில் இருக்கிறது.

பம்பாய் மாகாணம் ஆலைப் பெண்களுக்குப் பிரசவ உதவிச் சட்டம் செய்தது 1929-ல்; தேச முழுமைக்குமான சட்டம் வந்தது 1961-ல்; ஊதியத்துடன் கூடிய விடுமுறையை 26 வாரமாக உயர்த்தியது 2017-ல். ஆனால் ஒப்பந்தக் கூலியாக ஆலைக்குள் போகிறவளுக்கும், ஒடிஸாவிலிருந்து வந்து சூளையில் கல் அறுக்கிறவளுக்கும் அச்சட்டம் எட்டாக் கனியாகவே இருந்துவிடலாகாது. கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் தொழிலாளர் சங்கம் நடத்தும் அன்பர்கள் போனஸுக்காகப் போராடுவது நியாயமே. அத்துடன், சங்கத்துப் பெண்களில் கர்ப்பிணிகள் எத்தனை பேர், அவர்கள் கையில் மாத்திரை வந்ததா, பரிசோதனைக்குப் போக அரைநாள் கூலியுடன் விடுமுறை கிடைத்ததா, ஆலை உணவுச் சாலையில் கீரையும் பருப்பும் இலையில் விழுகின்றனவா என்று மாதம் ஒருமுறை விசாரிக்கட்டும். முருங்கை இல்லாத தெரு நம் நாட்டில் இல்லை. கீரையை நெடுநேரம் வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் சத்து போய்விடும் என்பதையும் வீடுதோறும் சொல்லட்டும்.

வைத்திய வீரராகவரின் சந்நிதியில் வெல்லம் கரைக்கும் பக்தியை நாம் வணங்குகிறோம். அப்பெருமாளின் ஊரில், உணவில்லாத குறையால் ஒரு தாயும் மடியாதிருக்கச் செய்வதே அந்தப் பக்திக்கும், வில்ஸ் அம்மையாரின் உழைப்புக்கும் நாம் செலுத்தத் தக்க காணிக்கையாகும்.